முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரு பூட்டிய வகுப்பறையும்

போன மாதம் மெல்பேர்ணின் ரோவில் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழாவில் நிவேதா என்னைக் குசினிக்குள் பிடித்துக்கொண்டாள். கோயம்புத்தூர்ப் பெண், இங்கே ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. அடுத்த ஆண்டு புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பாடசாலைக்கு, அதைத் தொடங்கி வைக்கும் முதல் ஆசிரியர்களில் ஒருத்தியாகப் போகிறாள்.

"ஆன்ட்டி, நீங்களும் இப்படி ஒரு ஸ்கூலை ஆரம்பிச்சவங்கதானே? ஒரு கிளாஸ்ல எத்தனை பேர் வரைக்கும் சமாளிக்கலாம்?"

"என்னட்டை முப்பத்தெட்டுப் பேர் இருந்தவை" என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். "இருபத்தஞ்சைத் தாண்டினாலே பேரன்ட்ஸ் சண்டைக்கு வந்துடுவாங்க ஆன்ட்டி!" அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. அந்த வருடத்தை நான் முழுதாக யாருக்கும் சொன்னதில்லை. ஓய்வு பெற்றாயிற்று. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பயிற்சிக் காலத்தை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மன்னாரில் பிறந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சி. பிறகு, இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காகத் தறப்பாள் கூரையின் கீழ் நடந்த பாடசாலையில் அறுபது பேர் கொண்ட வகுப்பு. மெல்பேர்ணுக்கு வந்தபோது என் சான்றிதழ்கள் போதாது என்றார்கள். கணவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள, மறுபடியும் படித்தேன். அதன் பின் பல வருடங்கள் பதில் ஆசிரியை. காலையில் தொலைபேசி அடிக்கும். எங்கேயோ ஓர் ஆசிரியைக்குச் சுகமில்லை என்பார்கள். வழி விசாரித்துக்கொண்டு காரை எடுப்பேன். ஆசிரியர் அறையில் எனக்கென்று ஒரு கோப்பை எந்தப் பாடசாலையிலும் இருந்ததில்லை.

நிரந்தர வேலை கிடைத்தது ஒரு சேற்று வெளியில். ரோவிலில் இருந்து தென்கிழக்கே போனால் வீடுகள் முடிந்து குதிரைப் பண்ணைகள் தொடங்கும் ஓர் இடம் அப்போது இருந்தது. அங்கே ஒரு புறநகரை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். தெருக்களுக்குப் பெயர்ப்பலகை நட்டாயிற்று, வீடுகள் பாதி எழும்பியிருந்தன, பாடசாலைக்குக் கட்டிடம் இன்னும் வரவில்லை. லொறியில் கொண்டுவந்து இறக்கிய தற்காலிக வகுப்பறைகள்தான் வரிசையாக நின்றன. போர்ட்டபிள் என்று சொல்வார்கள். தகரக் கூரை, மரப்படிகள், ஓர் ஏசி. சுற்றிவரக் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் வீடு கட்டுகிறவர்களின் லொறிகள் நாள் முழுதும் முன்னுக்கும் பின்னுக்கும் போய்க்கொண்டிருந்தன. நல்ல பாடசாலையில் நல்ல நிலையில் இருக்கும் ஆசிரியர் எவரும் விட்டுவிட்டு வருகிற இடமா அது? ஆகவே எனக்குக் கிடைத்தது.

அதிபரின் பெயர் ஜூடித். உயரமான பெண், வெயிலில் சுருங்கிய முகம், மெல்லிய குரல். நேர்முகத் தேர்வில் மற்றவர்கள் பாடத்திட்டம் பற்றிக் கேட்டார்கள். ஜூடித் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒரு பிள்ளை ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று உங்களுக்குப் புரியவில்லை. என்ன செய்வீர்கள்?"

"பிள்ளையிடமே கேட்பேன்."

"பதில் சொல்லாவிட்டால்?"

"சொல்லும் வரைக்கும் பக்கத்தில் இருப்பேன்."

அவர் பேனாவை மூடிவைத்தார். மறுநாள் வேலை கிடைத்த செய்தி வந்தது.

ஜூடித்தின் நடைமுறை ஒன்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிற்பாடு நான் வேலை செய்த இடங்களில் எல்லாம் அதைக் கூடவே கொண்டுபோனேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பின் அவர் ஒவ்வொரு வகுப்பறையாக வருவார். ஆசிரியையை வெறும் கதிரைகளின் முன் நிற்கவைப்பார். கையில் தாள் எதுவும் இருக்கக்கூடாது. வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, இன்று அந்தப் பிள்ளையிடம் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். "படிப்பித்ததைச் சொல்லாதீர்கள், கண்டதைச் சொல்லுங்கள்" என்பார். "லியம் இடது கையால் தாள் வெட்டுகிறான். ஹனா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திருப்பி வைத்தாள்." இப்படி. பெயர் நினைவுக்கு வராமல் நான் தடுமாறினால் அவர் கோபிப்பதில்லை. "சரி, நாளைக் காலையில் முதலில் அந்தப் பிள்ளையிடம் போங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்.

முதல் இரண்டு வாரங்கள் அது எனக்குச் சுலபமாக இருந்தது. பிரெப் வகுப்புகள் இரண்டு இருந்தன. பிரெப் என்றால் ஐந்து வயதுப் பிள்ளைகள், பாடசாலையில் முதல் வருடம். எனக்கு ஒரு பாதி, இன்னோர் ஆசிரியைக்கு மறு பாதி. பத்தொன்பது பேரின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். மூன்றாம் வாரம் அந்த ஆசிரியை கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்து விலகிவிட்டார். பதிலுக்கு ஆள் கேட்டு ஜூடித் நாள்தோறும் தொலைபேசியில் நின்றார். அவ்வளவு தூரத்துக்கு, அந்தச் சேற்றுக்கு, ஒருவரும் வரவில்லை. இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கி, ஷெரில் என்ற உதவியாளரையும் சேர்த்து என்னிடம் தந்தார். மற்றப் போர்ட்டபிளைப் பூட்டினார்கள்.

முப்பத்தெட்டு ஐந்து வயதுப் பிள்ளைகள் ஓர் அறையில் இருப்பது எப்படி என்று வேலை தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் எல்லாரும் பையை மாட்டி, தண்ணீர்ப் போத்தலை வைத்து, தொப்பியைக் கழற்றி முடிப்பதற்குள் முதல் ஆளுக்குக் கழிவறைக்குப் போக வேண்டி வரும். ஒருத்தியைக் கூட்டிப் போனால் கூடவே எட்டுப் பேருக்கு அவசரம் வந்துவிடும். ஆகவே நான் பாட்டுகளை வைத்து வகுப்பை நடத்தினேன். கை கழுவ ஒரு பாட்டு, வரிசைக்கு ஒரு பாட்டு, கதிரையைத் தள்ளி வைக்க ஒரு பாட்டு. பேச்சால் சொன்னால் பாதிப் பேருக்குக் கேட்காது. பாட்டென்றால் ஒருவர் வாயில் இருந்து மற்றவர் வாய்க்குப் போய்விடும். வாசிப்புக்கு ஆறு மேசைகள். மேசைக்கு மேசை நான் நகர்வேன், பிள்ளைகள் நகரமாட்டார்கள். சப்பாத்து நாடா கட்டத் தெரிந்தவர்களுக்கு நாடா மந்திரி என்று பட்டம் கொடுத்தேன். அவர்கள் மற்றவர்களுக்குக் கட்டிவிடுவார்கள். பார்க்க வந்தவர்கள் அதிசயித்தார்கள். வகுப்பு நன்றாகத்தான் ஓடியது.

மாலையில் ஜூடித்தின் முன் நிற்கும்போதுதான் சங்கதி வெளிப்படும். முப்பத்தெட்டுப் பெயரில் முப்பதைச் சொல்வேன். சில நாள் இருபத்தேழு. மறுநாள் விடுபட்டவர்களிடம் முதலில் போவேன். அன்று மாலை வேறு சிலர் விடுபடுவார்கள்.

ஒரு பெயர் மட்டும் ஒருநாளும் விடுபடவில்லை. டிலானி.

டிலானியின் குடும்பமும் மன்னார்ப் பக்கம்தான். அவுஸ்திரேலியாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தாய் ஜெசிந்தா முதியோர் இல்லத்தில் பகல்நேர வேலை. தகப்பன் தொலைதூர லொறி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். டிலானி மெலிந்த பிள்ளை, இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல், வாய் திறப்பதே அரிது. இரண்டு வகுப்பும் ஒன்றான நாளில் இருந்து அவள் ஓடத் தொடங்கினாள்.

காலையில், கதை சொல்லும் நேரத்தில், "எல்லாரும் கம்பளத்தில் இருங்கோ" என்று நான் ஆங்கிலத்தில் பாடுவேன். பிள்ளைகள் ஓடிவந்து இருப்பார்கள். கதைப் புத்தகத்தை விரித்து நிமிர்ந்தால் கதவு ஆடிக்கொண்டிருக்கும். டிலானி இல்லை. ஷெரில் பின்னால் ஓடுவார். நான் முப்பத்தேழு பேரோடு தனியே நிற்பேன். சில நிமிடங்களில் ஷெரில் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிவருவார். எங்கே போனாள் என்று கேட்டால், "படிப் பக்கம் நின்றாள்", "வேலிப் பக்கம் போகப் பார்த்தாள்" என்பார்.

"ஏன் மகள் வெளியிலை போனனீர்?" என்று தமிழில் கேட்பேன். அவள் தரையைப் பார்ப்பாள். பதிலுக்காக நான் காத்திருக்க வேண்டும். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒருவன் பசையை நக்கிக்கொண்டிருப்பான், ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். "சரி, போய் இரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். நேர்முகத் தேர்வில் அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, பிள்ளையின் பக்கத்தில் இருப்பேன் என்று. இருக்க எனக்கு நேரம் தந்தால்தானே?

ஒருநாள் அவள் போர்ட்டபிள்களின் பின்பக்கமாகப் போய், கம்பிவேலியின் இரண்டு துண்டுகளுக்கு இடையில் இருந்த இடைவெளிக்குள் நுழைந்துவிட்டாள். அந்த நேரம் ஒரு கல் லொறி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஷெரில் போட்ட கூச்சலில் வேலையாள் ஒருவர் ஓடிவந்து லொறிச் சாரதியை மறித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஷெரில் அவளைக் கூட்டிவந்துவிட்டு, பிள்ளைகளின் சின்னக் கதிரையில் இருந்து அழுதார்.

அதன் பிறகு விஷயம் மேலே போனது. பிராந்திய அலுவலகத்தில் இருந்து இயன் என்ற அலுவலர் வந்தார். சாந்தமான மனிதர், கழுத்துப்பட்டி கட்டியவர். முன்பு உயர்தர வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்தவர். அதிபரின் சிறு அறையில் மூவரும் இருந்தோம். அவர் சொன்ன யோசனை இதுதான்: டிலானி பழகும் வரைக்கும் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் பாடசாலைக்கு வரட்டும்.

"இன்னோர் ஆசிரியர் தந்தால் பிரச்சினை தீரும்" என்றார் ஜூடித்.

"ஆள் இல்லை, ஜூடித். இருக்கிற ஆட்களைப் பிள்ளைகள் கூடுதலாக உள்ள இடங்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் திரேசா இருக்கிறார்." என் பக்கம் திரும்பிச் சிரித்தார். மனதாரப் பாராட்டுகிறார் என்றுதான் அவர் நினைத்தார். "உங்கள் நாட்டில் ஐம்பது அறுபது பேருக்குப் படிப்பித்திருப்பீர்கள் இல்லையா? உங்களுக்கு இது பழக்கம்."

எத்தனையோ தடவை இதைக் கேட்டிருக்கிறேன். பெருமையாக நானே சொன்னதும் உண்டு. அன்று ஏனோ எனக்குள் ஒன்று நிமிர்ந்தது.

"ஆம், அறுபது பேருக்குப் படிப்பித்தேன்" என்றேன். "அதனால்தான் சொல்கிறேன். அறுபது பேரில் யார் வாசிக்கப் பழகாமல் போனார்கள் என்று எனக்குத் தெரியும். முன்வரிசைப் பிள்ளைகள் பழகினார்கள். பின்வரிசைப் பிள்ளைகளின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அங்கே வேறு வழி இல்லை, யுத்தம். இங்கே என்ன இருக்கிறது?"

ஜூடித் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். அவருடைய வாயோரம் சிறிது அசைந்தது.

இயனின் முகம் சிவந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. "நான் ஒருநாள் காலை வந்து வகுப்பைப் பார்க்கிறேன்" என்றார். "அதுவரை இந்த இரண்டு மணித்தியால ஏற்பாட்டைத் தாயிடம் சொல்லி வையுங்கள்."

ஜெசிந்தாவிடம் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. பின்னேரம் வாசலில் கண்டேன். முதியோர் இல்லத்துச் சீருடையோடு, கார்த் திறப்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு மணித்தியாலம் எண்டால் நான் வேலையை விடவேணும், மிஸ். அவர் றோட்டிலை. பிள்ளையை ஆரிட்டை விடுறது?" திறப்பை மற்றக் கைக்கு மாற்றினாள். "அவள் வீட்டிலை இப்பிடி இல்லை மிஸ். சொன்னால் சொன்ன இடத்திலை இருப்பாள். நான் 'இதிலை இரு' எண்டு சொல்லிப்போட்டுக் குளிக்கப் போனால், வந்து பாக்க அதே இடத்திலைதான் இருப்பாள். சொன்னதைத் தாண்ட மாட்டாள். இங்கை மட்டும் என்ன நடக்குது?"

"எனக்கும் விளங்கேல்லை ஜெசிந்தா. ஆனால் நான் அவளை விடமாட்டன்."

"ஓம் மிஸ்" என்றாள். நம்பினாளோ தெரியாது. ஆனால் மறுநாளும் பிள்ளையை நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். இரண்டு மணித்தியாலத்தில் கூட்டிப்போகச் சொல்லி ஜூடித்தும் அவளுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. மேலிடத்துக்குப் பதில் எழுதாமல் தாமதிப்பதில் அவர் கெட்டிக்காரி.

இயன் வந்த காலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வெக்கையான நாள். ஷெரிலுக்குச் சுகமில்லை, வரவில்லை. ஜூடித் பக்கத்துப் போர்ட்டபிளில் வேறொரு வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் ஓர் ஆசிரியர் விடுப்பு. இயன் கோப்பிக் கோப்பையோடு பின்சுவரில் சாய்ந்து நின்றார். பிள்ளைகள் அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். பாட்டுப் பாடி எல்லாரையும் கம்பளத்துக்குக் கூப்பிட்டேன். கதவு ஆடியது.

நான் எழும்பினேன். ஒரு கணம்தான் யோசித்தேன். பாடசாலை விதி தெளிவானது: ஓடும் பிள்ளையின் பின்னால் பெரியவர் ஒருவர் போகவேண்டும், வகுப்போடு பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும். பெரியவர்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"இயன், நீங்கள் ஆசிரியர்தானே? இவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

"நானா? திரேசா, நான் பிரெப்..."

புத்தகத்தை அவர் கையில் திணித்துவிட்டு வெளியே போனேன்.

டிலானி தூரம் போகவில்லை. பூட்டியிருந்த மற்றப் போர்ட்டபிளின் படியில் ஏறி, கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவின் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். திறக்கவில்லை. திரும்பிப் பின்பக்கமாகப் போகப் பார்த்தாள். அங்கே வேறு கதவு இருக்குமோ என்று தேடித்தான் அவள் வேலி வரைக்கும் போயிருக்கிறாள். அது எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது.

நான் கூப்பிடவில்லை. போய்ப் படியில் இருந்தேன். பக்கத்தில் இடம் விட்டேன். அவள் நின்று பார்த்தாள், பிறகு வந்து இருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அவசரமும் இல்லை. வகுப்பில் இருந்து ஏதோ விழும் சத்தம் கேட்டது, நான் அசையவில்லை.

"உள்ளை என்ன பாக்கிறீர்?"

பதில் இல்லை. இருந்தேன். வேலிக்கு அப்பால் லொறி ஒன்று வந்து, மணலைக் கொட்டி, போய்விட்டது. அவள் பின்னல் நுனியைச் சுருட்டி விரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"பாயைப் பாக்கிறன்" என்றாள்.

கம்பளத்தைத்தான் பாய் என்கிறாள். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். வெறும் அறை, நடுவில் நீலக் கம்பளம். எங்கள் வகுப்பில் கிடக்கும் அதே அளவு, அதே நிறம்.

"நீங்கள் எல்லாரும் பாயிலை இருங்கோ எண்டு சொல்லுறனீங்கள். நான் வந்தால் பாயிலை இடமில்லை, மிஸ். எல்லாரும் இருந்திட்டினம். எனக்கு இல்லை." கண்ணாடியை விரலால் தட்டினாள். "இங்கை முழுப் பாயும் சும்மா கிடக்குது."

சொன்ன இடத்தில் இருக்கிற பிள்ளை. சொன்ன இடத்தில் அவளுக்கு இடமில்லை. ஆகவே இடம் இருக்கிற கம்பளத்தைத் தேடிப் போயிருக்கிறாள், ஒவ்வொரு காலையும். மற்றப் பிள்ளைகள் இடமில்லாவிட்டால் தரையில் வழிந்து இருப்பார்கள், யார் மடியிலாவது ஏறி இருப்பார்கள். டிலானிக்குக் கம்பளம் என்றால் கம்பளம்தான். ஓடுகிற பிள்ளை என்று அவளைச் சொன்னோம். அந்தப் பாடசாலையிலேயே என் சொல்லை அப்படியே கேட்ட ஒரே பிள்ளை அவள்தான்!

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன்.

உள்ளே இயன் முழந்தாளில் நின்றார். கழுத்துப்பட்டியின் நுனியை ஒருவன் நீலச் சாயத்தில் தோய்த்திருந்தான். ஒருத்தியின் சப்பாத்து நாடாவை அவர் கட்டிக்கொண்டிருக்க, நாடா மந்திரி ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்று அவர் பிழையாகக் கட்டுகிறார் என்று திருத்திக்கொண்டிருந்தாள். மூன்று பேர் கழிவறைக்குப் போகவேண்டும் என்று குதித்தார்கள். கோப்பி தரையில். புத்தகத்தின் முதல் பக்கம்கூடத் தாண்டவில்லை.

"இயன்," என்றேன், "எல்லாரையும் கம்பளத்தில் இருக்கச் சொல்லுங்கள்."

"சொன்னேனே, ஐந்து தடவை..."

"இன்னொரு தடவை. ஆனால் ஒருவரும் கம்பளத்துக்கு வெளியே இருக்கக்கூடாது என்று சொல்லுங்கள்."

சொன்னார். பிள்ளைகள் நெருங்கினார்கள், இடித்தார்கள், கத்தினார்கள். ஒருவன் அழத் தொடங்கினான். ஓரத்தில் இருந்தவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். கணித ஆசிரியர் அல்லவா, அவர் கண்ணால் கம்பளத்தை அளந்தார், தலைகளை எண்ணினார். பிறகு கதவடியில் என் கையைப் பிடித்தபடி நின்ற டிலானியைப் பார்த்தார். அவள் சொன்னதை நான் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னேன்.

அவர் எழும்பினார். முழந்தாள் தூசியைத் தட்டவில்லை. "அந்த அறையின் திறப்பு எங்கே?"

"என்னிடம்" என்றார் ஜூடித். பார்த்துக்கொண்டிருந்த வகுப்பை வரிசையாகப் பின்னால் நிறுத்திக்கொண்டு எப்போது வந்து கதவில் நின்றாரோ தெரியாது. கழுத்தில் தொங்கிய சாவிக்கொத்தில் இருந்து திறப்பைக் கழற்றி நீட்டினார். "அறை இருக்கிறது. திறப்பு இருக்கிறது. ஆசிரியர் இல்லை."

"மத்தியானம் வரை ஒருவர் இருக்கிறார்" என்றார் இயன்.

அப்படிச் சொன்னவர் சொன்னபடியே செய்தார். பாதிப் பிள்ளைகளைப் பிரித்து, வரிசைப் பாட்டைப் பாடவைத்து, மற்றப் போர்ட்டபிளுக்குக் கூட்டிப் போனோம். டிலானி முதல் ஆளாகப் படி ஏறினாள். கம்பளத்தின் நட்ட நடுவில் போய்ச் சம்மணம் போட்டு இருந்தாள். மத்தியானம் வரை இயன் அங்கே என்ன படிப்பித்தாரோ எனக்குத் தெரியாது. போர்ட்டபிள் சுவர் மெல்லியது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு ஒருதரம்கூட ஆடவில்லை.

போகும்போது அவர் என்னிடம் வந்து கைகொடுத்தார். "அன்று நான் சொன்னது தவறு" என்றார். "பழக்கம் என்று சொன்னது." நான் அவருடைய கழுத்துப்பட்டியைக் காட்டி, சாயம் கழுவினால் போய்விடும் என்றேன்.

அடுத்த கிழமை ஓர் ஆசிரியர் வந்தார், டேனியல் என்ற இளைஞர். தூரம் அதிகம் என்று முன்பு மறுத்தவராம். இயன் தானே அவருடன் பேசினார் என்று ஜூடித் சொன்னார். வகுப்பு மறுபடி பத்தொன்பதும் பத்தொன்பதுமாகப் பிரிந்தது. ஜெசிந்தா வேலையை விடவில்லை. நான் அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது வாசலில் நின்று முதலில் விழித்தாள். பிறகு, "நான் சொன்னனான்தானே மிஸ், சொன்னதைத் தாண்ட மாட்டாள் எண்டு!" என்று அழுதபடி சிரித்தாள்.

வகுப்பு பிரிந்த நாள் மாலை ஜூடித்தின் முன் வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது பெயர். ஒவ்வொருவரிடமும் கண்ட ஒன்று. தடுமாறாமல் சொல்லி முடித்தேன். ஜூடித் தலையசைத்தார். "கேட்க நன்றாக இருக்கிறது" என்றார். அவரிடம் இருந்து அதற்கு மேல் பாராட்டு வாங்கிய எவரையும் எனக்குத் தெரியாது.

அந்த வருடத்தின் கடைசியில் ஜூடித் ஒரு காரியம் செய்தார். நத்தார், அதாவது கிறிஸ்மஸ், விடுமுறைக்கு முன், பாடசாலையில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைத் தானே கேட்கப்போவதாக அறிவித்தார். பெற்றோர் விரும்பினால் வந்து பார்க்கலாம். எங்கள் பிரெப் பிள்ளைகளின் முறை வந்தபோது இரண்டு வகுப்பையும் ஒன்றாக வைத்தோம். முப்பத்தெட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக முன்னே வந்து ஒரு பக்கம் வாசித்தார்கள். சிலர் வேகமாக, சிலர் திக்கித் திக்கி, ஒருவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாக. ஆனால் வாசிக்காமல் போனவர் ஒருவரும் இல்லை. டேனியல் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்னைவிடப் பலமாகக் கைதட்டினார்.

டிலானி வந்தாள். பின்னால், கதவடியில், ஜெசிந்தா சீருடையோடு நின்றாள்; வேலையில் இருந்து நேரே வந்திருந்தாள். டிலானி புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து, விரலை வரிக்குக் கீழே வைத்து, ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினாள். நாய் ஒன்று மழையில் வெளியே போக மறுக்கிறது. ஒரு வரி, இரண்டு வரி. மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். நீளமான சொல். விரல் அதே இடத்தில் நின்றது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஜெசிந்தா கையை வாயில் வைத்தாள். ஜூடித் மெதுவாகக் குனிந்து, அந்தச் சொல்லின் முதல் ஒலியை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்.

டிலானி ஒரு கையை உயர்த்தி அதிபரை மறித்தாள்.

"சொல்லாதீர்கள்," என்றாள், தெளிவான ஆங்கிலத்தில். "எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள்."

முப்பத்தேழு பிள்ளைகளும் பொறுத்தார்கள். ஒருவன்கூட இருமவில்லை. ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் டிலானியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிகாஸ்" என்றாள். பிறகு, எல்லாருக்கும் கேட்கவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் பலமாக, "பிகாஸ்!" என்று சொல்லிவிட்டு, கைதட்டல் முடியும் வரை காத்திராமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஒரு பக்கம் போதும் என்று சொல்ல ஜூடித்துக்கு மனம் வரவில்லை. புத்தகம் முழுவதையும் அவள் வாசித்து முடித்தாள்.